நடுக்கடலில் இன்ஜின் பிடிக்கவில்லையா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பழவேற்காட்டிலிருந்து நீரோடி வரை, ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் கயிறு இழுத்துத் தோள் விட்டுப்போன கதை ஒன்றாவது வைத்திருப்பார். வலையை ஏற்றியாயிற்று, மீனும் ஏறியாயிற்று, கரைக்குத் திரும்பலாம் என்று கயிற்றை இழுத்தால் இன்ஜின் ஒரு செருமல் செருமி அடங்கிவிடும். உடனே ஆள் மாற்றி ஆள் இழுப்பார்கள். பத்து இழுப்பில் பிடிக்காதது பதினோராவது இழுப்பில் ஏன் பிடிக்கப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பிடிக்காத இன்ஜினில் பெரும்பாலும் பெரிய பழுது இருக்காது. டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடிக் கிடக்கும், நிறுத்தும் சுவிட்சின் கிளிப் கழன்றிருக்கும், பிளக் நனைந்திருக்கும், கார்புரேட்டரில் நாலு சொட்டுத் தண்ணீர் நிற்கும். எல்லாம் கைக்கு எட்டுகிற கோளாறுகள். அவற்றைப் பெரிய செலவாக்குவது நம் அவசரம்தான். ஆகவே கீழே உள்ளவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள். சுலபமானது முதலில், திருகு கழற்றுவது பிறகு. வரிசைதான் இதில் பாதி வைத்தியம்.

இங்கே சொல்வது முக்கியமாகக் கயிறு இழுத்து ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினுக்கு. நீள வால் டீசல் இன்ஜினுக்குத் தனிப் பகுதி உண்டு. உங்கள் இன்ஜினின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதே சரி.

1. முதலில் போட்டை நிறுத்துங்கள்

செய்ய வேண்டியவை

• இன்ஜின் மூடியில் கைவைக்கும் முன் நங்கூரத்தை இறக்குங்கள். பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள்தான். நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விட்டால் இழுபடாது.

• நங்கூரம் எட்டாத ஆழமா? வாளி, மீன் கூடை, சுருட்டிய வலை, எது இருக்கிறதோ அதை நீளக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து கடலில் விடுங்கள். போட் அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். ஒதுங்குகிற வேகமும் குறையும்.

• ஜி.பி.எஸ். காட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு ஒதுங்கியிருக்கிறோம் என்பது தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பது தெரியும்.

• எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் படும் போட்டுக்கு இப்போதே ஒரு குரல் கொடுத்துவையுங்கள். அவர்கள் போன பிறகு கூப்பிட்டால் கேட்காது.

செய்யக்கூடாதவை

• நங்கூரக் கயிற்றை இன்ஜின் பக்கம் கட்டாதீர்கள். இன்ஜின் பாரத்தில் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்பக்கத்தில் அலை ஏறினால் போட் நிரம்பிவிடும். கயிறு எப்போதும் அணியத்தில்.

• போட்டில் இருக்கும் அத்தனை பேரும் இன்ஜினைச் சுற்றிக் கூடாதீர்கள். ஒருவர் வேலை பார்க்கட்டும், ஒருவர் கை கொடுக்கட்டும், மற்றவர்கள் முன்னால் உட்காரட்டும்.

• எல்லைக்கருகில் ‘இதோ பிடித்துவிடும்’ என்று நேரத்தை ஓட்டாதீர்கள். 1974, 1976 உடன்படிக்கைகளில் வரைந்த இந்திய – இலங்கைக் கடல் எல்லை தண்ணீரில் தெரியாது. இன்ஜின் நின்று ஒதுங்கி வந்தோம் என்பதைப் பிடிபட்ட பிறகு நிரூபிப்பது கடினம்.

2. கயிற்றைத் தொடும் முன் கண்ணால் பாருங்கள்

செய்ய வேண்டியவை

• நிறுத்தும் சுவிட்சில் கிளிப் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா? வலை இழுக்கும்போது கையிலோ காலிலோ மாட்டிக் கிளிப் வெளியே வந்திருக்கும். கிளிப் இல்லாவிட்டால் பிளக்கில் பொறியே வராது. நாள் முழுக்க இழுத்தாலும் இன்ஜின் பிடிக்காது.

• கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பல இன்ஜின்களில் கியர் விழுந்திருந்தால் கயிறே வராதபடி பூட்டு இருக்கும். கயிறு அசையவில்லை என்றதும் இன்ஜின் ஜாம் என்று முடிவுகட்டும் முன் கியரைப் பாருங்கள்.

• டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். கிளம்பிச் சற்று நேரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு முட்டியதுபோல் நின்றால் முதல் சந்தேகம் இந்தத் திருகின் மேல்தான்.

• பெட்ரோல் குழாயின் இரு முனைகளும் ‘டக்’ என்று மாட்டியிருக்கின்றனவா? யாராவது குழாயை மிதித்துக்கொண்டோ, அதன் மேல் மீன் பெட்டியை வைத்துக்கொண்டோ இருக்கிறார்களா?

செய்யக்கூடாதவை

• பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் போட்டின் அடியிலேயே தங்கும். இரவு என்றால் டார்ச் மட்டும்.

• கிளிப் தொல்லை என்று சுவிட்சில் கம்பியைச் செருகி நிரந்தரமாகக் கட்டி வைக்காதீர்கள். ஓட்டுகிறவர் கடலில் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது அந்தக் கிளிப்தான். ஆளில்லாத போட் வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும்.

3. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை

செய்ய வேண்டியவை

• குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்பை அமுக்குங்கள். அதிலுள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும்; இன்ஜின் பக்கத்து முனையைச் சற்றே தூக்கிப் பிடித்து அமுக்கினால் சீக்கிரம் நிரம்பும்.

• கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். நாலைந்து அமுக்கில் கல்லாக இறுகினால் பெட்ரோல் கார்புரேட்டர் வரை போய்விட்டது. எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்றே இருந்தால் டேங்க் காலி, அல்லது குழாய் வழியில் எங்கோ காற்று இழுக்கிறது. முனையிலுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அமுக்கிய பம்ப் சப்பிப்போய் எழும்பாமலே இருந்தால் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது டேங்குக்குள் அடைப்பு.

• கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிதிருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகச் சேர்ந்து, பாட்டிலைச் சாய்த்தால் தனியே உருளும். சுத்தமான பெட்ரோல் வரும்வரை வடியுங்கள். வடித்ததைக் கரைக்கு எடுத்துப் போங்கள். கடலில் கொட்ட வேண்டாம்.

• பெட்ரோலில் 2டி ஆயில் அளவாகக் கலந்திருக்கிறதா என்று யோசியுங்கள். 50:1 கேட்கும் இன்ஜினுக்கு லிட்டருக்கு 20 மி.லி., 10 லிட்டருக்கு 200 மி.லி. அவுட்போர்டுக்கு என்று விற்கும் டிசி-டபிள்யூ3 ரக ஆயில்தான் சரி. அளவு கூடினால் பிளக்கில் கரி அடைக்கும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

செய்யக்கூடாதவை

• போன மாதம் மிஞ்சிய பெட்ரோலை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

• குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

• கார்புரேட்டரின் சிறு துளையைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை மாறிவிடும். ஊதி எடுங்கள், போதும்.

4. பிளக்கும் பொறியும்

செய்ய வேண்டியவை

• பிளக்கைக் கழற்றியதும் துடைத்துவிடாமல் முதலில் முனையைப் பாருங்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கே வரவில்லை. மூன்றாம் பகுதிக்குத் திரும்புங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. வெளிர் பழுப்பு நிறம் ஆரோக்கியம். மையாகக் கறுத்திருந்தால் ஆயில் மிகுதி, அல்லது சோக்கை இழுத்தபடியே ஓட்டியிருக்கிறீர்கள்.

• நனைந்த பிளக்கில் இருப்பதை விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். பெட்ரோல் சட்டென்று குளிர்ந்து பறந்துவிடும். மண்ணெண்ணெய் பிசுபிசுத்து நிற்கும். தண்ணீர் சட்டென்று பறக்கவும் செய்யாது, பிசுபிசுக்கவும் செய்யாது. எது உள்ளே போயிருக்கிறது என்பதை விரலே சொல்லிவிடும்.

• புதுப் பிளக் இருந்தால் மாற்றிவிடுங்கள். கடலில் சோதித்துக்கொண்டிருப்பதைவிட அது சுருக்கு வழி. கையேடு சொல்லும் அதே எண் உள்ள பிளக்காக இருக்கட்டும். என்ஜிகே பிளக்கில் பி7எச்எஸ்-10 என்றிருந்தால், கடைசியிலுள்ள 10 என்பது முனை இடைவெளி 1.0 மி.மீ. என்பதைக் குறிக்கும்.

• பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால், பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி கிளிப் ஒயரால் இணைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு இழுங்கள். நீலமாகத் தெறித்தால் நல்ல பொறி. மஞ்சளாக மங்கினால் பலவீனம்.

• இரண்டு சிலிண்டர் இன்ஜினில் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் பொறி இல்லை என்றால் கோளாறு அந்தப் பிளக்கிலோ, அதன் ஒயரிலோ, தொப்பியிலோதான் பெரும்பாலும் இருக்கும். இரண்டிலும் இல்லை என்றால் நிறுத்தும் சுவிட்சில் உப்பேறி ‘ஷார்ட்’ ஆகியிருக்கலாம். ஒயரிங் தெரிந்தவர் அந்தச் சுவிட்சுக்குப் போகும் ஒயரைத் தற்காலிகமாகக் கழற்றிப் பார்க்கலாம். இன்ஜின் பிடித்துவிட்டால் சுவிட்சில் நிற்காது. சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதை முன்பே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

செய்யக்கூடாதவை

• பிளக்கை ஈரக் கையால் பிடித்துக்கொண்டு பொறி பார்க்காதீர்கள். பல ஆயிரம் வோல்ட். அடி வாங்கியவர் கடலில் விழுவதும் உண்டு.

• பிளக் துளைக்குப் பக்கத்திலேயே பொறி பார்க்காதீர்கள். துளையிலிருந்து தெறிப்பது பெட்ரோல் ஆவி.

• பிளக்கைத் திருப்பி மாட்டும்போது முதலிலேயே ஸ்பேனரைப் போடாதீர்கள். விரலால் சுற்றி உட்கார வையுங்கள், பிறகு இறுக்குங்கள். அலையில் ஆடிக்கொண்டு கோணலாக ஏற்றிய பிளக் அலுமினிய மரையை அறுத்துவிடும்.

5. பெட்ரோல் மிஞ்சிவிட்டால்

சோக்கை இழுத்தபடியே இருபது தடவை இழுத்தாயிற்று. இன்ஜினைச் சுற்றி பெட்ரோல் நெடி. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்துவிட்டது என்று பொருள்.

செய்ய வேண்டியவை

• சோக்கை முழுசாக உள்ளே தள்ளுங்கள். நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரைத் திறந்து நாலைந்து இழுப்பு இழுங்கள். பிடித்தவுடன் ஆக்சிலேட்டரைக் குறைத்துவிடுங்கள்.

• பிடிக்கவில்லையா? பிளக்குகளைக் கழற்றுங்கள். கிளிப்பையும் எடுத்துவிட்டு, கயிற்றை மெதுவாகச் சில முறை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். பத்து நிமிடம் இன்ஜினைச் சும்மா விடுங்கள்.

செய்யக்கூடாதவை

• சூடான இன்ஜினுக்குச் சோக் போடாதீர்கள். ஓடி நின்ற இன்ஜின் சோக் இல்லாமலே பிடிக்க வேண்டும்.

• ரப்பர் பம்பை ஓயாமல் அமுக்கிக்கொண்டிருக்காதீர்கள். இறுகியதும் விட்டுவிடுங்கள்.

6. மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்

செய்ய வேண்டியவை

• பெட்ரோலில் பிடித்து, இன்ஜின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது.

• வலை விட்டு இன்ஜினை நிறுத்தப்போகிறீர்களா? நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நின்றால்தான் அடுத்த முறை கயிறு இழுத்ததும் பிடிக்கும்.

• மறந்து மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டீர்களா? கார்புரேட்டரை முழுசாக வடித்து, பெட்ரோலை ஏற்றி, பிளக்கைத் துடைத்து, பிறகு இழுங்கள்.

செய்யக்கூடாதவை

• மிச்சம் பிடிக்க நினைத்துப் பெட்ரோலே இல்லாமல் போகாதீர்கள். தனிக் கேனில் இரண்டு லிட்டராவது எப்போதும் இருக்கட்டும்.

• மண்ணெண்ணெயைப் பிளக் துளையில் ஊற்றிப் பார்க்காதீர்கள். உள்ள பொறியும் போய்விடும்.

7. கயிறு தரும் தகவல்

செய்ய வேண்டியவை

• இழுக்கும்போது எதிர்ப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். எதிர்ப்பே இல்லாமல் சுலபமாக வந்தால் பிளக் தளர்ந்திருக்கலாம். இல்லையென்றால் பிஸ்டன் வளையம், கேஸ்கட் போயிருக்கலாம். அது கரையில் பார்க்கும் வேலை.

• கயிறு பாதியில் ‘தக்’ என்று முட்டி நின்றால் சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

• நியூட்ரலில் பிடித்து, கியர் போட்டதும் அணைந்தால் விசிறியில் வலையோ தங்கூசியோ சுற்றியிருக்கும். இன்ஜினை நிறுத்தி, கிளிப்பை எடுத்து, தூக்கிவைத்து அறுத்தெடுங்கள்.

• ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் மேல் மூடியையும் கயிற்றுப் பெட்டியையும் கழற்றுங்கள். ஃப்ளைவீலின் வெட்டில் முடிச்சுப் போட்ட கயிற்று நுனியை மாட்டி, கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சில சுற்றுச் சுற்றி நேராக இழுங்கள்.

செய்யக்கூடாதவை

• அவசரக் கயிறு போடும்போது கியரை மறக்காதீர்கள். இந்த வழியில் இழுக்கும்போது கியர் பூட்டு வேலை செய்யாது. கியரில் இருந்தால் போட் பாய்ந்துவிடும்.

• கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள். பின்னால் யாரும் நிற்க வேண்டாம். ஓடும் ஃப்ளைவீல் அருகே துண்டு, தொங்கும் சட்டை, தலைமுடி எதுவும் வரக்கூடாது. மூடியைக் கரையில் இன்ஜின் நின்ற பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

8. நீள வால் டீசல் இன்ஜின்

டீசலுக்குப் பிளக் பொறி கிடையாது. சுத்தமான டீசலும் காற்றின் அழுத்தமும் போதும். ஆகவே சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் டீசல் குழாயில் புகுந்த காற்றை.

செய்ய வேண்டியவை

• டேங்க் வற்றி நின்றிருந்தால் டீசல் ஊற்றியதும் காற்றை வெளியேற்றுங்கள். முதலில் ஃபில்டரின் காற்றுத் திருகு, அடுத்து பம்பின் திருகு, கடைசியில் இன்ஜெக்டர் குழாயின் நட்டு. ஒவ்வொன்றிலும் நுரை நின்று டீசல் மட்டும் வந்த பிறகு இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

• டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஹேண்டிலை வேகமாகச் சுற்றி, வேகம் எடுத்ததும் லீவரை விடுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை எதிர்ப்பக்கம் கொடுத்துப் பூட்டிப் பிடிக்காதீர்கள். மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே இருக்கட்டும். இன்ஜின் எதிர்ச்சுற்றுச் சுற்றினால் விரல் முறியும்.

• சுற்றும்போது இன்ஜெக்டர் முனைக்கு நேரே கையைக் காட்டாதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னக் குத்துபோல் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

9. கடலில் விழுந்தெழுந்த இன்ஜின்

செய்ய வேண்டியவை

• வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி, துளை கீழ்நோக்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளிருக்கும் தண்ணீரை வடியுங்கள். துளைகளில் 2டி ஆயில் விட்டுச் சில முறை சுற்றுங்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

• அன்றைக்கு முடியாது என்றால் இன்ஜினை நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே அமிழ்த்தி வையுங்கள். உப்புப் பட்ட இரும்பை அரிப்பது காற்று. தண்ணீருக்குள் அந்த வேகம் இருக்காது.

செய்யக்கூடாதவை

• ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் ஓட்ட முயலாதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். மணலில் புரண்ட இன்ஜினுக்கும் இதே விதி.

• வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். காய்வது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும்.

10. எப்போது கையை விட வேண்டும்

செய்ய வேண்டியவை

• மேலே சொன்னதை எல்லாம் பார்த்தும் அரை மணி நேரத்தில் பிடிக்கவில்லை என்றால் உதவி கேளுங்கள். கடலோரக் காவல்படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, வி.எச்.எஃப். கருவியில் 16ஆம் சேனல். இருக்கும் இடம், எத்தனை பேர், போட்டின் நிறமும் பதிவு எண்ணும், இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.

• தூரத்துப் போட்டுக்குச் சைகை காட்ட, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். உலகம் முழுக்க ஆபத்துக்கான அடையாளம் இது. ஒரு கையை ஆட்டினால் வணக்கம் சொல்வதாக நினைத்துப் போய்விடுவார்கள்.

• இழுவைக் கயிற்றை அணியத்தில் கட்டுங்கள். உங்கள் இன்ஜின் தூக்கியிருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• போனின் சார்ஜைப் பாட்டுக்கும் டார்ச்சுக்கும் செலவழிக்காதீர்கள்.

• போட்டை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். தேடி வருகிறவர்கள் கண்ணுக்கு மனிதத் தலையைவிடப் போட் சீக்கிரம் தெரியும்.

11. அடுத்த முறை பிடிக்க வேண்டுமானால்

செய்ய வேண்டியவை

• கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் இன்ஜினை ஓட்டி உப்பைக் கழுவுங்கள். பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்சி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

• போட்டில் ஒரு மூடி போட்ட டப்பா இருக்கட்டும்: இரண்டு புதுப் பிளக், பிளக் ஸ்பேனர், திருப்புளி, குறடு, உபரிக் கிளிப், முடிச்சுப் போட்ட அவசரக் கயிறு, காய்ந்த துணி, ஒரு கண்ணாடி பாட்டில், டார்ச்.

• புயல் எச்சரிக்கை போன்ற காரணங்களால் இன்ஜின் வாரக்கணக்கில் சும்மா கிடக்கப்போகிறது என்றால் கார்புரேட்டரை வடித்துவிட்டு வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• தண்ணீர் இல்லாமல் கரையில் ‘சும்மா ஒரு தடவை’ ஓட்டிப் பார்க்காதீர்கள். வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் நொடிகளில் கருகும்.

• மெக்கானிக்கிடம் ‘பிடிக்க மாட்டேங்குது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சூட்டிலா குளிரிலா, பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா, ரப்பர் பம்ப் இறுகியதா, கடைசியாக எங்கே பெட்ரோல் பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். இந்த நாலும் தெரிந்தால் அவர் இன்ஜினைப் பிரிக்கும் முன்பே கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். பிரித்துத் தேடும் கூலியும் உங்களுக்கு மிச்சம்.